பிழைத்து வந்த பெண்கள்: அது வெறும் அதிர்ஷ்டம்தானா?

கொக்குவில் வாசகி எழுதியது:

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் தரம் 9 முதல் 11 வரை படிக்கும் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையாவது வாசித்துக் கதைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கூட்டத்துக்கு வேறு நோக்கம் கிடையாது. பேரிடர்களிலிருந்து பிழைத்து வந்த பெண்களின் உண்மைக் கதைகளை இந்த மாதத்துக்கென எடுத்துக்கொண்டோம். முதற் கதையாக, 1971ஆம் ஆண்டு பெரு நாட்டில் விமானம் வானிலேயே சிதறியபோது அமேசன் காட்டுக்குள் விழுந்து, 11 நாள்களின் பின் உயிரோடு வெளியே வந்த யூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதை முடிந்ததும், வழக்கமாக அதிகம் பேசாத ஒரு பிள்ளை, "அது அவவின்ரை அதிர்ஷ்டம்தானே அக்கா, இதிலை துணிச்சல் எங்கை இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை. துணிச்சல் இருந்தபடியால்தான் பிழைத்தார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் சொல்லும்போதே அந்த மறுமொழி எனக்கே போதாமல் இருந்தது, ஏனென்றால் அதே விமானத்தில் இறந்துபோன 91 பேரிடமும் துணிச்சல் இருக்கவில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடுத்த கிழமைகளில் வேறு யாருடைய கதைகளைச் சொல்லலாம்? பிழைத்து வந்த நாளோடு கதை முடிந்துவிடாமல், அந்தப் பெண் அதன்பின் எப்படி வாழ்ந்தார் என்பதும் தெரிந்த கதைகளாக இருந்தால் நல்லது. கொடுமையை விரிவாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் கதைகளை நான் தேடவில்லை.

---

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், நல்லூர்:

உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு "ஆம்" என்றும் "இல்லை" என்றும் இரண்டு மறுமொழிகளும் ஒரே கதைக்குள்ளேயே இருப்பதால், கதையை நடுவில் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

1971 டிசம்பர் 24 அன்று லீமாவிலிருந்து புக்கல்பாவுக்குப் பறந்த அந்த விமானத்தில் 92 பேர் இருந்தார்கள். இடிமேகத்துக்குள் நுழைந்து, மின்னல் தாக்கி, விமானம் உடைந்தது. இருக்கையோடு பட்டி கட்டியபடியே யூலியானே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, அதாவது எங்கள் நாட்டின் ஆக உயரமான மலையாகிய பீதுறுதாலகாலவின் உச்சியைவிட உயரத்திலிருந்து, விழுந்தார். காரை எலும்பு முறிந்தது, கையில் வெட்டுக் காயம் ஏற்பட்டது, மூக்குக் கண்ணாடி போய்விட்டது, காலில் ஒற்றைச் செருப்புத்தான் மிஞ்சியது. இதுவரையில் அவர் செய்தது ஒன்றுமேயில்லை. இந்தப் பாதியை அதிர்ஷ்டம் என்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதை மறைப்பதால் நன்மை கிடையாது.

மற்றப் பாதி, அவர் கண்விழித்த கணத்திலிருந்து தொடங்குகிறது. அவருடைய தாய் மரியா பறவைகளை ஆராய்ந்தவர், தந்தையும் விலங்கியலாளர். காட்டுக்குள் அவர்கள் நிறுவிய பங்குவானா ஆய்வு நிலையத்தில், அந்தப் பெண் 14 வயதிலிருந்து ஒன்றரை ஆண்டுகள்வரை வாழ்ந்திருந்தார். காட்டில் வழி தவறினால் சிறு நீரோடையைத் தேடு, ஓடை ஆற்றில் சேரும், ஆற்றோரத்தில் மனிதர் இருப்பர் என்று தந்தை சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். கண்ணாடியில்லாத பார்வையில் இலைச் சருகு எது, பாம்பு எது என்று தெரியாததால், செருப்பு இருந்த காலை முதலில் வைத்துச் சோதித்தே அடுத்த அடியை எடுத்தார். கையிலிருந்த உணவு ஒரு பை இனிப்பு மட்டுமே. ஓரிடத்தில் ஹோவட்சின் என்ற பறவையின் குரல் அவர் காதில் விழுந்தது. அது திறந்த நீர்நிலைக்கு அருகில் கூடு கட்டும் பறவை என்பது தாயிடமிருந்து அறிந்தது. பெரிய ஆறு பக்கத்தில் இருக்கிறது என்பதை அந்தக் குரலிலிருந்தே கண்டுகொண்டார். நாற்பது ஆண்டுக்கு அண்மித்த காலம் விலங்கியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பறவையின் குரலை அடையாளம் காண்பது ஓர் உயிரைக் காக்கும் என்று வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லியதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கைக்காயத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தது. பத்தாம் நாளளவில் ஆற்றங்கரையில் ஒரு படகையும் அருகே ஒரு குடிலையும் கண்டபோது, வீட்டு நாய்க்கு இதேபோலப் புழு வைத்தவேளை தந்தை மண்ணெண்ணெய் ஊற்றியது நினைவுக்கு வர, படகின் இயந்திரத்திலிருந்த எரிபொருளைக் காயத்தில் விட்டு 30 புழுக்கள்வரை வெளியே எடுத்தார். வேறொருவருடைய படகை எடுத்துக்கொண்டு போவது களவு என்று நினைத்து, குடிலிலேயே தங்கிவிட்டார். மறுநாள் மரம் வெட்டுவோர் வந்து அவரைக் கண்டார்கள்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு இதைவிட நேரான சான்று ஒன்றும் உண்டு. விழுந்தபோது உடனே இறக்காதவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள் என்றும், தன் தாயும் சில நாள்கள் உயிரோடிருந்திருக்கிறார் என்றும் யூலியானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் அசைய முடியாத அளவு காயப்பட்டிருக்கலாம். நடந்து வெளியே வந்தவர் இவர் ஒருவரே.

அவர் பின்னர் ஜேர்மனியில் விலங்கியல் படித்து, வௌவால்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். தந்தைக்குப் பின் பங்குவானாவின் பொறுப்பை ஏற்றார். தன்னை விழுங்கப் பார்த்த அதே காட்டுக்குத் திரும்பிப்போய், அதை அழியாமல் காப்பதற்காக உழைத்தார். 2011இல் பெரு அரசு அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது.

---

சுன்னாகத்துத் தையற்காரியின் மகள்:

ஐயா எழுதியதை வாசித்தபின், அடுத்த கிழமைக்கு எய்டா பிளாக்ஜாக் என்ற பெண்ணின் கதையைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். யூலியானேயிடம் காட்டைப் பற்றிய அறிவு முன்னமே இருந்தது. எய்டாவிடம் தொடக்கத்தில் இருந்தது ஓர் ஊசி மட்டுமே.

அவர் அலாஸ்காவின் இன்யூப்பியாட் இனத்தைச் சேர்ந்தவர். மிஷன் பள்ளியில் எழுத வாசிக்கவும் தைக்கவும் கற்றவர். வேட்டையாடவோ, பனியில் வாழவோ அவருக்கு எவரும் பழக்கவில்லை. மூன்று பிள்ளைகளில் இரண்டு இறந்துவிட்டன, கணவர் கைவிட்டுப் போய்விட்டார். மிஞ்சிய மகன் பென்னற்றோடு நோம் நகருக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள், நடந்தே போனார். பிள்ளை களைத்தபோது தூக்கிக்கொண்டு நடந்தார். மகனுக்குக் காசநோய். மருத்துவம் பார்க்க வழியில்லாமல் அவனை அநாதை இல்லத்தில் விட்டார். அந்த நேரத்தில்தான், 1921இல், சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள ரங்கெல் தீவுக்குப் போகும் நான்கு ஆண்களுக்குத் தோலாடை தைத்துக்கொடுக்க மாதம் 50 டொலர் சம்பளத்தில் ஒரு பெண் தேவை என்ற செய்தி வந்தது. மகனை மீட்பதற்காகவே அவர் போனார்.

கொண்டுபோன உணவு ஆறு மாதத்துக்கே போதுமானது. 1922 கோடையில் வர வேண்டிய கப்பல் பனிக்கட்டியால் தடைப்பட்டு வரவில்லை. 1923 ஜனவரியில் மூன்று ஆண்கள் உதவி தேடி உறைந்த கடலின்மேல் நடந்து போனார்கள். அவர்களை அதன்பின் எவரும் காணவில்லை. எஞ்சியவர் லோர்ன் நைற், உயிர்ச்சத்துக் குறைவால் வரும் ஸ்கேவி நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் பராமரித்து, அவருடைய ஏச்சையும் கேட்டுக்கொண்டு, நரிக்குப் பொறி வைக்கவும், துப்பாக்கி சுடவும், கடல்நாயை வேட்டையாடவும் எய்டா தானாகவே பழகிக்கொண்டார். ஜூன் மாதத்தில் நைற் இறந்தார். வெண்கரடி என்றால் எய்டாவுக்கு எப்போதும் பயம் இருந்தது. கட்டிலுக்கு மேலே துப்பாக்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க ஒரு சட்டம் அடித்தார், தொலைவில் வரும் கரடியைப் பார்க்க மேடை ஒன்று கட்டினார். 1923 ஆகஸ்ட்டில் கப்பல் வந்தபோது, அந்தத் தீவில் உயிரோடு நின்றவர்கள் எய்டாவும் விக் என்ற பூனையும் மட்டுமே.

தொடக்க மாதங்களில் அவர் அழுதுகொண்டே இருந்தார், வேலை செய்ய மறுத்தார், அந்த ஆண்கள் அவரைத் தண்டிக்கவும் செய்தார்கள். இந்தப் பகுதியை விட்டுவிடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். துணிச்சல் என்பது பிறவியிலேயே சிலருக்குக் கொடுக்கப்பட்டது என்ற எண்ணம், பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு எவ்வளவு பாரமானது என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

எய்டாவின் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வருவார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட அந்த இரவில், எனக்கு எட்டு வயது. அப்பா அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நோயில் காலமாகிவிட்டார். அம்மா சைக்கிள் கரியரில் தன் கைத் தையல் மெசினைச் சாக்கால் சுற்றிக் கட்டினார். தங்கச்சி முன்பாரில் இருந்தாள், நான் கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போன சனத்துக்குள் ஓரடி வைப்பதற்கும் காத்து நிற்க வேண்டியிருந்தது. மழை பெய்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தவர்களை நான் கண்டேன். அரிசியைக் கொண்டுவராமல் இரும்பைச் சுமந்து வருகிறாயே என்று கூட வந்த உறவினர் அம்மாவை வழியெல்லாம் பேசினார்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில் நாங்கள் இருந்தோம். மூன்றாம் நாளே அம்மா மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு, கிழிந்த சேலைகளில் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கத் தொடங்கினார். கூலி காசாக வரவில்லை. ஒரு சுண்டு அரிசியாக, இரண்டு தேங்காயாக வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால், ஜாம் போத்தல் விளக்கின் துளி வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பது என் வேலை. 1996இல் ஊருக்குத் திரும்பும்வரை அந்த மெசின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அம்மாவிடம் அதைத் துணிச்சல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். தெரிந்த வேலையைச் செய்தேன் என்பார்.

எய்டாவும் திரும்பி வந்து சம்பளத்தை வாங்கி, மகனை சியாற்றிலுக்கு மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். அவர் நோயாளியைச் சரிவரப் பார்க்கவில்லை என்று முதலில் எழுதினார்கள். நைற்றின் பெற்றோரே அவருக்காகப் பேசினார்கள். வறுமை அவரை விடவில்லை. 1983இல், 85ஆவது வயதில், காலமானார்.

---

வடமராட்சி கிழக்கிலிருந்து ஒருவர்:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். எனினும் ஒரு விடயத்தில் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அறிவும் முயற்சியும் உள்ளவர்கள் பிழைத்தார்கள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, பிழைக்காதவர்களிடம் அவை இருக்கவில்லை என்ற மறுபாதியையும் அந்தப் பிள்ளை தானாகவே கேட்டுக்கொள்கிறது. எங்கள் மாவட்டத்தில், யாரையாவது இழக்காத வீடு எத்தனை இருக்கும்? அதிகம் பேசாத பிள்ளை அன்று மட்டும் பேசியிருக்கிறாள் என்றால், அவள் யாரை மனத்தில் வைத்துக் கேட்டாள் என்பதையும் யோசியுங்கள். இறந்தவர்களுக்காகத்தான் அவள் அதிர்ஷ்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

2004 டிசம்பர் 26 அன்று மணற்காடு, ஆழியவளை, உடுத்துறைப் பக்கமெல்லாம் கடல் உள்ளே வந்தது. அன்று என் சின்னம்மா போனார். கடலிலிருந்து 200 மீற்றர் தள்ளிப் பிறந்து, கடலைப் பார்த்தே வளர்ந்து, கடலுக்குப் போகிறவரையே திருமணம் செய்தவருக்கு நீந்தத் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும், பையன்களுக்குத் தெரியும். அந்த அலையில் நீச்சல் தெரிந்தும் எத்தனையோ பேர் போனார்கள். சின்னம்மாவுக்குத் தெரிந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சுனாமி தாக்கிய பல கரைகளில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்பதும், நீந்தத் தெரியாததும் சேலை காலைச் சுற்றியதும் பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்ததும் அதற்குக் காரணங்களில் சில என்பதும் பின்னர் பதிவானவை. அவருக்கு நீந்தத் தெரியாதது அவருடைய குறையல்ல. கற்பிக்காமல் விட்டவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை பொருந்தும். யுஸ்ரா மர்தினி சிரியாவைச் சேர்ந்தவர். தந்தை நீச்சற் பயிற்றுநர். தன் பெண்பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே தண்ணீரில் இறக்கியவர். போர் வந்ததால் 2015இல் யுஸ்ராவும் அக்கா சாராவும் நாட்டை விட்டு வெளிக்கிட்டு, துருக்கியிலிருந்து கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுக்கு ஒரு றப்பர் படகில் ஏறினார்கள். ஆறேழு பேர் ஏற வேண்டிய படகில் 20 பேர்வரை இருந்தார்கள். நடுவழியில் இயந்திரம் நின்றது. நீந்தத் தெரிந்தவர்கள் அந்தப் படகில் மிகச் சிலரே. சகோதரிகள் இருவரும் வேறு இருவரும் தண்ணீரில் குதித்து, படகைக் கவிழவிடாமல் மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் கரைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக யுஸ்ரா நீந்தினார். 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தன் ஆரம்பச் சுற்றில் முதலாவதாகவும் வந்தார்.

படகு ஏறிப் போன எங்கள் பிள்ளைகளின் கதையும் இதுதான் என்பதால், பெண்பிள்ளைகள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள். யூலியானேக்கு ஓடையைத் தேடச் சொல்லிக்கொடுக்க ஒரு தந்தை இருந்தார், யுஸ்ராவைத் தண்ணீரில் இறக்க ஒரு தந்தை இருந்தார். அந்த மாணவிக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இதுதான்: பிழைப்பது எவர் கையிலும் முழுதாக இல்லை, ஆனால் பிழைக்கத் தேவையானதைப் பெண்பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதோ கொடுக்காமல் விடுவதோ பெரியவர்களின் கையில் இருக்கிறது.

---

பளையிலிருந்து:

நான் அதிகம் எழுதத் தெரிந்தவன் அல்லன். என் அக்கா முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர். 2009 தொடக்கம்வரை போர் முன்னரங்காக இருந்த அந்த நிலத்தில், கண்ணிவெடி அகற்றுவோரில் கணிசமானோர் பெண்கள், கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே நடத்துகிறவர்களும் அவர்களில் பலர். ஒரு மீற்றர் அகலமான பாதையில் முழங்காலில் இருந்து, முகத்துக்குக் கவசம் போட்டு, கருவி சத்தமிட்டால் அந்த இடத்தை விரற்கடை விரற்கடையாகக் கிளறிக்கொண்டு, வெயிலில் நாள் முழுவதும் வேலை செய்வார்கள். அங்கே விதிமுறையை மீறி ஓரடி வைக்க எவருக்கும் அனுமதி கிடையாது. அக்கா சொல்வார், "இன்றைக்கு அதிர்ஷ்டமான நாள் என்று நினைக்கிற ஆளை அந்தப் பாதையில் விடக் கூடாது." வாசிகசாலைப் பிள்ளைகள் கண்ணால் காணக்கூடிய தூரத்தில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே எழுதினேன்.

---

கொக்குவில் வாசகி எழுதியது:

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. வடமராட்சியிலிருந்து எழுதியவர் சொன்னது என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. கடந்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கதைத்தேன். அவள் யாரை நினைத்துக் கேட்டாள் என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. நினைத்துத்தான் கேட்டிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறேன். விழுந்தது அதிர்ஷ்டம், நடந்தது அவர் அறிந்த பாடம், நடக்க முடியாமற் போனவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர் என்று மூன்றையும் வெவ்வேறாகச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பறவையின் பெயரை எழுதித் தரும்படி கேட்டாள்.

பிறகு எய்டாவின் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் துப்பாக்கி பிடிக்கப் பழகிய இடத்தில் பிள்ளைகள் இடைமறித்து எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள், பூனையைப் பற்றித்தான் அதிகம். யுஸ்ராவின் கதையை அடுத்த கிழமைக்கு வைத்திருக்கிறேன். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி நீச்சல் பழக்கும் இடம் யாழ்ப்பாண நகரப் பக்கத்தில் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான்கு பெற்றோர் இப்போதே கேட்டிருக்கிறார்கள்.

சுன்னாகத்துத் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா ஒரு சனிக்கிழமை எங்களிடம் வருவாரா? பேச்சு ஒன்றும் நிகழ்த்தத் தேவையில்லை, பிள்ளைகளோடு இருந்து கதைத்தால் போதும்.

---

சுன்னாகத்துத் தையற்காரியின் மகள்:

கேட்டேன், அக்கா. தனக்குக் கதைக்க என்ன இருக்கிறது என்று முதலில் மறுத்துவிட்டார். இன்று காலையில் தானாகவே வந்து, பிள்ளைகளுக்குத் தையல் தெரியுமா, தெரியாவிட்டால் மெசினைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். அந்தக் கைமெசின் இப்போதும் ஓடுகிறது. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, மூன்று மணிக்குப் பிறகு, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.